மூன்றாவது பட்டை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, மூன்றாவது பட்டை பொய் என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும் எனக்கு வந்தது வருத்தம் இல்லை, சந்தோஷம். இதை மறைத்துப் பயனில்லை. பழைய படங்களில் இருக்கும் பட்டாளத்துச் சட்டைகளைப் பார்த்து, இது எந்தப் படை, என்ன பதவி, ஏறக்குறைய எந்த வருடம் என்று சொல்வதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு ஒரு பொய் கையும் களவுமாகச் சிக்கினால் உள்ளுக்குள் ஒரு குதூகலம் வரும். நாற்காலியை விட்டு எழுந்து, யாருமில்லாத அறையில், "மாட்டினியா?" என்று சத்தமாகவே கேட்டேன். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் தகரத் தகட்டில் பதிந்த அந்த மனிதர் பதில் சொல்லாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில், குழாய்கள் ஓடும் தாழ்ந்த கூரைக்குக் கீழே என் அறை. ஒரு நீள மேசை, வெள்ளை விளக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடிகள் மூன்று, படத்தை இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கணினித் திரை ஒன்று. மாதத்தில் இரண்டு புதன்கிழமை பொதுமக்கள் தங்கள் வீட்டுப் படங்களைக் கொண்டுவரலாம். தன் கொள்ளுத்தாத்தா குதிரை லாயத்தில் சாணி அள்ளினார் என்று கேள்விப்பட ஆசைப்பட்டு ஒருவர்கூட வந்ததில்லை. எல்லோருக்கும் தளபதி வேண்டும். நான் என்ன செய்ய? இரண்டு தோளிலும் துணி சிறகாக விரிந்திருந்தால் அவர் பெரும்பாலும் தளபதி இல்லை, பாண்டு வாசிக்கிறவர். வாள் வலது இடுப்பில் தொங்கினால் அவர் இடதுகைக்காரர் இல்லை. தகரத் தகட்டுப் படத்தில் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக விழும், அவ்வளவுதான். கறுப்பாகத் தெரியும் சட்டை சிவப்பாக இருந்திருக்கலாம், வெளிறித் தெரிவது நீலமாக இருந்திருக்கலாம். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நிறங்களைப் பற்றித் தனி அபிப்பிராயம் உண்டு. இதையெல்லாம் சொல்லச் சொல்ல எதிரில் இருப்பவரின் முகம் சுருங்கும். எனக்கு அது பழகிவிட்டது. ஆளைத் தெரியாது, சட்டையைத் தெரியும் என்பதுதான் என் சட்டம். மேலே டிக்கெட் கொடுப்பவர்கள் எனக்குப் 'பட்டாளத்தம்மா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதில் பாதி மரியாதை, பாதி பயம்.

இந்தப் படத்தை ஆறு மாதத்துக்கு முன்னால் கொண்டுவந்தவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒரு பெண்மணி. ஐம்பது வயது, கத்தரித்த முடி, எதிரில் இருப்பவர் அடுத்து என்ன தப்புச் செய்யப் போகிறார் என்று எதிர்பார்க்கும் கண்கள். சீட்டுக்கட்டுச் சீட்டு அளவே இருந்த தகட்டை முகம் துடைக்கும் துண்டில் நாலு சுற்று சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முப்பது வயது மனிதர் ஒருவர் நாற்காலி முதுகில் கைவைத்து நின்றார். அசையாமல் நிற்பதற்காகத் தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் இரும்புத் தாங்கியின் பாதம் அவருடைய பூட்ஸுக்குப் பின்னால் தெரிந்தது. பொத்தான்களுக்கும் கையிலிருந்த பட்டைகளுக்கும் தங்கப் பூச்சு. ஸ்டூடியோக்காரர்கள் அப்போது கூடுதலாகச் செய்துகொடுத்த அலங்காரம் அது. முழங்கைக்கு மேலே, கூர் கீழே பார்க்க மடங்கிய பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று.

"எங்க வீட்டுல இவருக்குப் பேரே மூணு பட்டைத் தாத்தாதான் மேடம். எங்க அப்பாவோட கொள்ளுத்தாத்தா. மூணு பட்டைன்னா சார்ஜண்ட்தானே?" என்றார்.

ஆமாம் என்றேன். மூன்று என்றால் சார்ஜண்ட், இரண்டு என்றால் ஒரு படி கீழே, கார்ப்பரல். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு வரிசையில் இன்னும் பதினொரு பேர் காத்திருந்தார்கள்.

அந்தப் படம் நன்றாக இருந்ததால் எங்கள் கண்காட்சிக்கு இரவல் கேட்டோம். சனிக்கிழமை திறப்பு. நுழைவாயிலில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைப்பதாக ஏற்பாடு. அந்த அம்மாவின் அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. கிடங்கு ஒன்றில் முப்பது வருடம் காவல்காரராக இருந்தவர். யாராவது அவரிடம் மணி கேட்டால்கூடப் பேச்சு மூன்று பட்டைத் தாத்தாவில்தான் போய் முடியுமாம். கண்காட்சி விஷயம் தெரிந்த நாளிலிருந்து தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி அழைத்துக்கொண்டிருக்கிறார் என்று மகள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

பெரிதாக்குவதற்காகப் படத்தைத் திரையில் ஏற்றிச் சரிபார்த்தபோதுதான் செவ்வாய்க்கிழமை அது கண்ணில் பட்டது. கீழே இருந்த இரண்டு பட்டைகளும் தங்கப் பூச்சுக்கு அடியில் நிஜமாகவே இருந்தன. சட்டைக் கையில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அந்த மடிப்பு வரும் இடத்தில் இரண்டு பட்டைகளும் சேர்ந்து மடிந்தன. மூன்றாவது பட்டை மடியவில்லை. மடிப்பின்மேல் நேர்க்கோடாகப் போனது. தங்கமும் வேறு தங்கம். ஸ்டூடியோவின் மெல்லிய பூச்சு இல்லை, திட்டுத் திட்டாக, நடுங்கிய தூரிகையால் யாரோ வீட்டில் உட்கார்ந்து தீட்டியது. ஆக, நம் தாத்தா கார்ப்பரல்தான். தூரிகையால் அவருக்கு யாரோ பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் ஆறப் போட்டிருக்கலாம். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று அப்போதே போனை எடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் இண்டிகேட்டர் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. "ஓரமா நிறுத்துப்பா, கண்ணாடியப் பாத்து நிறுத்து" என்று பக்கத்தில் ஓட்டிப் பழகுகிறவரிடம் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார்.

"அப்ப எங்க வீட்டுல பொய் சொல்லியிருக்காங்க."

"எல்லா வீட்டுலயும் உள்ளதுதாங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"எங்க அப்பா சனிக்கிழமைக்குப் போட்டுக்கச் சட்டை தேச்சு மாட்டியிருக்காரு மேடம். போன வாரமே." பக்கத்திலிருந்தவரை இண்டிகேட்டரை அணைக்கச் சொன்னார். "படத்தத் திருப்பிக் குடுத்துடுங்க. வெள்ளிக்கிழம வர்றேன், அப்பாவையும் கூட்டிட்டு வர்றேன். இத அவர்கிட்ட என்னால சொல்ல முடியாது. கண்டுபிடிச்சது நீங்க. நீங்களே சொல்லிடுங்க."

போனை வைத்த பிறகுதான் குதூகலம் இறங்கியது. எங்கள் இயக்குநர் புதன்கிழமை வந்து, படம் போனால் நுழைவாயிலில் என்ன வைப்பது என்று என்னிடமே கேட்டுவிட்டுப் போனார். எண்பத்தாறு வயது மனிதரிடம் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று நான் தாளில் எழுதி எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அவர் தேய்த்து வைத்த சட்டையில் போய் முட்டியது. ஆறு மாதத்துக்கு முன்னால் சார்ஜண்ட் என்று சொன்னவளும் நான்தான். அவர் தெருவையே அழைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு என் வீட்டுக்காரர் வந்தார். அவருக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் ஸ்கூட்டரில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். என் அறையில் எதையும் தொடக்கூடாது என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து உள்ளே வரும்போதே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். அவர் வந்தால் அறையில் சோப்பும் சூடான துணியும் கலந்த ஒரு வாசனை வரும். திரையில் அந்தச் சட்டைக் கை மட்டும் ஒரு முழ உயரத்துக்கு நின்றது. நான் பையில் சாமான்களைத் திணித்துக்கொண்டிருந்தேன்.

"யாரு இது?"

"பொய்ப் பட்டைக்காரர். நாளைக்கு என்னைத் திட்டு வாங்க வைக்கப் போறவர்." மூன்றாவது பட்டையின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன்.

அவர் கையை அவிழ்க்காமலே திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஆனா இது பிரிச்ச இடமாச்சே."

"எது?"

"தங்கத்துக்குக் கீழ பாரு, ஒட்டினாப்ல கொஞ்சம் கறுப்பா ஒரு பட்டை ஓடுது. முன்ன ஒண்ணு தச்சிருந்து, அப்புறம் பிரிச்சிருக்காங்க. சுத்தி இருக்கிறது வெயில்ல வெளுத்துப்போச்சு. மூடியிருந்த துணி மட்டும் புதுசா இருக்கு."

அந்தக் கறுப்பை நானும் பார்த்திருந்தேன். 'பூச்சின் நிழல் அல்லது அழுக்கு' என்று குறிப்பேட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன். "அது அழுக்குங்க" என்றேன்.

"எனக்கு அழுக்கத் தெரியாதா? அழுக்குக்கு இப்படி ஓரம் இருக்காது." சிரித்தார். பிறகு, சாதாரணமாக, கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்: "ஏன், உனக்கே தெரியணுமே. நீதான பிரிச்ச. இன்னைக்கும் என் நீலக் கோட்ட நனைச்சா தெரியும். காஞ்சா மறஞ்சிடும்."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். நான் மூன்று கண்ணாடி வைத்திருந்தேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவர் அந்த லாண்டரியின் சூப்பர்வைசர். நீலக் கோட்டு, சட்டைப்பைக்கு மேலே மஞ்சள் நூலில் பதவி எழுதிய துணிப் பட்டை. ஒரு மத்தியானம் இதே அறையில், இந்த மேசைக்குக் கீழே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் விழுந்தேன். கைக்கு எட்டிய போனில் அவரைத்தான் கூப்பிட முடிந்தது. குடல்வால் வெடித்திருந்தது. லிப்ட் வேலை செய்யாத நாள் அது. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தனை படிகளும் ஏறினார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். அதற்குள் அங்கே, அவர் யாரிடமும் ஒப்படைக்காமல், பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் விட்டுவந்த உலர்த்தும் இயந்திரம் கொதித்து, ஆபரேஷன் அங்கிகள் நூற்றுக்கணக்கில் கருகி, புகை மாடிக்கு ஏறி, ஒரு வார்டையே காலி செய்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விசாரணையில் ஏன் ஒப்படைக்கவில்லை என்று கேட்டதற்கு, தோணலை என்று மட்டும் சொன்னாராம். 'எம் பொண்டாட்டி சாகக் கிடந்தான்னு சொல்லியிருக்கலாம்ல' என்று பின்னால் நான் கேட்டபோது, 'சொன்னா கருகின துணி வெளுத்துடுமா' என்றார். பதவி போனது. அதே இடத்தில், தனக்குக் கீழே இருந்தவர்களோடு, சூடான உருளைக்கு முன்னால் நின்று போர்வை தேய்க்கும் வேலை.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த பாகம். தெரியாத பாகம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், தையல் காயாத வயிற்றோடு, அவர் வந்து பதவி போன விஷயத்தைச் சொன்னதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: 'ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆகிடும்?' வீட்டுக்கு வந்த பிறகு, தகட்டுப் படங்களின் விளிம்பைச் சுத்தம் செய்கிற என் மெல்லிய பிளேடால் அந்த மஞ்சள் எழுத்துத் துணியை நான்தான் பிரித்தேன். 'மெதுவா, துணி பாவம்' என்றார் பக்கத்தில் உட்கார்ந்து. அடியில் கருநீலமாக ஒரு செவ்வகம் இருந்தது. மறுநாள் அதோடுதான் வேலைக்குப் போனார். புதுக் கோட்டு கேட்டால் கொடுத்திருப்பார்கள், அவர் கேட்கவில்லை. வெயிலிலும் சோப்பிலும் அந்தச் செவ்வகம் மற்ற துணியோடு ஒன்றாக நாலு வருடம் ஆயிற்று. கூட வேலை செய்பவர்கள் இன்றைக்கும் அவரை 'சூப்பர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், பாதி கேலியாக, பாதி பிரியமாக. நான் மட்டும் அந்தப் பேரை வாயில் எடுத்ததில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு மன்னிப்பும் கேட்டதில்லை. உயிரோடு இருக்கிறேன், அதற்கு இந்த மனிதர்தான் காரணம் என்று நாக்கைப் புரட்டி ஒரு நன்றி சொன்னதும் இல்லை. வியாழக்கிழமை ஸ்கூட்டரில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போகும்போதும் சொல்ல வரவில்லை. கடையில் ரொட்டி வாங்கணும் என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை யாரும் வருவதற்கு முன்பே போய் அளந்தேன். திட்டுத் திட்டான தங்கத்தின் இடைவெளிகளில் அங்கங்கே தெரிந்த மேல் ஓரத்தையும் சேர்த்து அளந்தால், அந்தக் கறுப்புத் தடத்தின் அகலம் கீழேயிருந்த பட்டைகளின் அகலமேதான். இடைவெளியும் அதேதான். தங்கம் தீட்டியவர் மயிரிழை மேலே தீட்டியிருந்ததால்தான் தடத்தின் கீழ் ஓரம் மட்டும் முழுக்க வெளியே தெரிந்தது. என் கண்டுபிடிப்பு சரி: படம் எடுத்த அன்று அந்தக் கையில் மூன்றாவது பட்டை இல்லை. அதிலிருந்து நான் போட்ட முடிவு தவறு: அவருக்கு மூன்றாவது பட்டை இருந்ததே இல்லை என்பது. படத்தையே பார்த்துப் பார்த்து, துணியைப் பார்க்க மறந்துவிட்டேன். சட்டையைத் தெரியும் என்று இருபத்திரண்டு வருடம் பேசியவளுக்கு ஒரு லாண்டரிக்காரர் வந்து சட்டையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் இதை அந்தப் பெரியவரிடம் சொல்வது முன்னதைவிட லேசா, கனமா என்று எனக்குத் தெரியவில்லை. கார்ப்பரல் என்றால் சின்னப் பதவி, அவ்வளவுதான். பட்டையைப் பிடுங்கினார்கள் என்றால் தண்டனை. மானக்கேடு. யாரோ மறைத்ததை நான் தோண்டி எடுத்து அவர் மடியில் வைக்கப் போகிறேன்.

பதினொரு மணிக்கு டிரைவிங் ஸ்கூல் கார், கூரையில் பலகையோடு, பின்வாசலில் வந்து நின்றது. பெரியவரால் படி இறங்க முடியாது. நான்தான் மேலே போனேன். பயிற்சி கொடுக்கிறவர் உட்காரும் இருக்கையில் அவர் இருந்தார். காலுக்கடியில் கூடுதலாக ஒரு பிரேக். "வழி பூரா மிதிச்சுக்கிட்டே வந்தாரு மேடம்" என்றார் மகள், ஸ்டியரிங்கை விடாமல். சனிக்கிழமைக்குத் தேய்த்த சட்டை அவர் மேல் இருந்தது. எதற்கு வந்திருக்கிறோம் என்று மகள் சொல்லியிருக்கவில்லை. திறப்பு விழாவுக்கு ஒரு நாள் முன்னதாகவே தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தாளில் எழுதி வைத்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. பெரிதாக்கிய கையின் படத்தை ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தேன்.

"ஐயா, இது உங்க கொள்ளுத்தாத்தாவோட கை. கீழ இருக்கிற ரெண்டும் நெசப் பட்டை. மேல இருக்கிறது வரைஞ்சது. பின்னால யாரோ வரைஞ்சிருக்காங்க." மகள் கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தாமல் சொன்னேன். "ஆனா அதுக்கு அடியில ஒரு தடம் இருக்கு பாருங்க. அங்க முன்ன ஒரு பட்டை இருந்திருக்கு. அதைப் பிடுங்கிட்டாங்க ஐயா. அதுக்கப்புறம் எடுத்த படம் இது."

"பிடுங்கினாங்களா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"தெரியாதுங்க. சட்டையில அது இருக்காது."

விரலால் அந்தத் தடத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினார். கீழே பிரேக் ஒருமுறை அமுங்கி எழுந்தது. மகள், "அப்பா" என்றார். பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, பிடுங்கினாங்கன்னா, இருந்திருக்கணும்ல?"

"இருந்துச்சு ஐயா."

"அப்புறம் என்ன? மூணுதான்." மகள் பக்கம் திரும்பி, "மூணுதானாம்" என்றார், அவளுக்குக் காது கேட்காததுபோல. "காவலுக்கு நிக்கும்போது தூங்கியிருப்பாரு. வேற என்ன பண்ணியிருக்கப் போறாரு? நம்ம ரத்தத்துலயே அது இருக்கு. கிடங்குல நான் தூங்காத தூக்கமா?"

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஹாரன்மேல் நெற்றி பட்டு ஒரு சின்னச் சத்தம் எழுந்தது. பெரியவர் படத்தை விடவில்லை. "இத யாரு வரைஞ்சது?" என்றார்.

அதற்கு மட்டும் என்னிடம் ஏதோ இருந்தது. அந்தத் தகட்டில் சட்டைக் கை சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. இந்தத் தடம் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே வரைந்தவர் படத்தைப் பார்த்து வரையவில்லை. "அந்த மூணாவது பட்டை இருந்த காலத்துல அவரோட இருந்தவங்க யாரோ வரைஞ்சிருக்காங்க ஐயா. ஸ்டூடியோ ஆள் இல்ல. ஆளைத் தெரிஞ்சவங்க."

"ஒருத்தி" என்றார் பெரியவர். "பொண்டாட்டியா இருக்கும். எங்க வீட்டுப் பொம்பளைங்க, ஒண்ணப் பறிச்சா விடமாட்டாங்க. இதோ இவளப் பாரு, போன வாரம் ஒருத்தன் பார்க்கிங்க மறிச்சான்னு சாயங்காலம் வரைக்கும் அங்கயே நின்னா." ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தார். "கண்டுபிடிச்சுக் குடுத்தியே. நல்லா இருப்பம்மா நீ."

அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது. "நான் இல்லைங்க ஐயா. நான் பொய்னுதான் சொன்னேன். எங்க வீட்டுக்காரர்தான் பார்த்துச் சொன்னாரு. ஆஸ்பத்திரி லாண்டரில இருக்காரு."

"அவருக்கு எத்தன பட்டை?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். "அவருக்கும் ஒண்ணப் பிடுங்கிட்டாங்க ஐயா," என்றேன். "என்னாலதான். என்னைக் காப்பாத்த வந்துதான்." இதை நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. முதல்முறை சொன்னது ஒரு டிரைவிங் ஸ்கூல் காரின் ஜன்னலில் குனிந்து நின்று, முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வா" என்றார். "பக்கத்துல நிக்கட்டும்."

தகட்டை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. மத்தியானம் உட்கார்ந்து பெயர்ப் பலகையை மாற்றி எழுதினேன்: 'கார்ப்பரல், இதற்கு முன் சார்ஜண்ட். பறிக்கப்பட்ட பட்டையின் தடம் துணியில் உள்ளது. மூன்றாவது பட்டையைப் பிற்பாடு வீட்டில் ஒருவர் வண்ணத்தால் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.' இயக்குநர் 'திருப்பிக் கொடுத்திருக்கிறார்' என்பதை அடித்து 'வரைந்திருக்கிறார்' என்று போட்டார். அவர் போனதும் நான் பழையபடி மாற்றி அச்சுக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை கூட்டம் நன்றாக இருந்தது. பெரியவர் சக்கர நாற்காலியில் நுழைவாயிலிலேயே உட்கார்ந்துகொண்டு, டிக்கெட் வாங்கியவர்கள் எல்லோருக்கும் தாத்தா தூங்கிய கதையை நேரில் பார்த்ததுபோல் சொன்னார். என் வீட்டுக்காரரை விடவே இல்லை. "இவர்தான் கண்டுபிடிச்சவரு" என்று ஒவ்வொருவரிடமும் காட்டினார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெட்கத்தில் காது சிவக்க நின்றார். ஒருமுறை மட்டும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பெரிய படத்துக்கு அருகே போய் அந்தத் தடத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டர் சிக்னலில் நின்றது. "அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க," என்றேன்.

"எப்படி?"

"கையெழுத்துப் போட எவ்ளோ நேரம் ஆகிடும்னு."

எதிரில் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

"நீங்க வந்ததாலதான் நான் இருக்கேன். இத்தன நாள் சொல்லல. சொல்லியிருக்கணும்."

"ஏழு வருஷம் கழிச்சு, அதுவும் ஹெல்மெட்டுக்குள்ளருந்து சொல்றியே" என்றார். பச்சை விழுந்தும் வண்டி கிளம்பவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அந்தப் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கழுவினார். இப்போது அது வீட்டு வேலைகளுக்குத்தான். வண்டியைவிட அவர்தான் அதிகம் நனைந்தார். கோட்டைக் கழற்றிப் பிழிந்து மாடிக் கொடியில் போட்டுவிட்டு டீ போட உள்ளே போனார். துணி எடுக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். சட்டைப்பைக்கு மேலே, வெளுத்த நீலத்தில், ஓரம் வெட்டினாற்போல் ஒரு கருநீலச் செவ்வகம். என் பிளேடு தப்பிய இரண்டு மஞ்சள் நூல்கூட அப்படியே இருந்தன.

"சூப்பர்!" என்று கூப்பிட்டேன்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. காற்று அடித்தது. கோட்டு தோளிலிருந்து கீழ்நோக்கி வெளிறிக் காய்ந்துகொண்டு வந்தது. படியேறி வரும் காலடிச் சத்தம் கேட்க, இன்னும் ஈரமாக இருந்த அந்த இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன்.